பதினொண்ணாம் சீட்டு நந்தினி

தலைவர் வந்தாத்தான் ரூம் தொறப்பாங்களாம். சாவி அவர் கார்ல இருக்குதாம், கார் சிங்காநல்லூர் சிக்னல்ல நிக்குதாம். இதைச் சொல்லிட்டு மாடிப்படி எறங்கின வாட்ச்மேன் போனவர் போனவர்தான். மூணாவது மாடி, ஜன்னல் இல்லாத நடை, தலைக்கு மேல ஒரு ஃபேன், சுத்தலாமா வேண்டாமான்னு யோசனை பண்ணிட்டே சுத்துது. சுவத்தோரமா ஒரே ஒரு நீளப் பெஞ்சு. அதுல மூணு பொம்பளைங்க உக்காந்திருக்கோம். இந்தக் கோடில நான், அந்தக் கோடில எஸ்தர், நடுவுல அந்தம்மா, மாராத்தா. புகார் குடுத்தவங்க, புகாருக்கு ஆளானவ, தீர்ப்புச் சொல்லப் போறவ, மூணு பேரும் ஒரே பெஞ்சுல. நல்லா இருக்குது போங்க. கடன் வசூல் பண்ற கம்பெனிங்க எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வெச்சு, சங்கத்துக்குள்ள ஒரு குறைதீர் குழு வெச்சு, குழுவுல பெண் உறுப்பினர் ஒருத்தர் கட்டாயம்னு விதி எழுதி, அந்தப் பெண் உறுப்பினரா என்னைப் போட்டு, இன்னிக்குத்தான் முதல் விசாரணை. கல்யாணத்துக்குப் போறவளாட்ட சில்க் காட்டன் கட்டிட்டு வந்திருக்கேன். கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது. முதுகு வலிக்குது. இருபது வருஷம் நாற்காலில உக்காந்து போன்ல பேசின முதுகு, இந்தப் பெஞ்சை ஒத்துக்க மாட்டேங்குது. எங்கயாச்சும் போய்ப் படுத்தாப் போதும்னு இருக்கு. அந்தம்மா ரெண்டு தரம் என் பக்கம் திரும்பிப் பாத்துட்டாங்க. மூணாந்தரம் பேசியே தீருவாங்க. பேசினா நான் பதில் சொல்லணும். பதில் சொன்னா என் குரல் வெளிய வரும். அதான் இப்பப் பயம்.

"ஏனுங் அம்மிணி, நீங்களும் லோன் வாங்கினவங்களா?" கேட்டே போட்டாங்க. இல்லைன்னு தலைய ஆட்டினேன். "பின்ன இங்கயே வேலை பண்றீங்களாக்கும்?" அதுக்கு எப்படி ஆட்டறது. ஆமான்னும் இல்லைன்னும் சேர்த்து ஒரு ஆட்டு ஆட்டிட்டு, தொண்டையத் தொட்டுக் காட்டினேன், கட்டிக்கிச்சு, பேச வரலைங்கற மாதிரி. பொய்யி. வாயத் தொறக்காமயே பொய் சொல்றதுக்குக் கத்துக்கிட்டேன் பாருங்க, சர்வீசு அப்படி. அந்தம்மா மூஞ்சில ஒரே எரக்கம். "மொளகைத் தட்டிப் போட்டுப் பாலைக் காய்ச்சிக் குடிங்க. ரெண்டு நாள்ல விட்டுரும். எங்க நந்தினிக்கும் அன்னிக்கு இதையேதான் சொன்னேன், அவளுக்கும் பாவம் சளி." எங்க நந்தினி. அந்தக் கோடில எஸ்தர் தலையக் குனிஞ்சு தண்ணி பாட்டில் மூடியத் தொறக்கறதும் மூடறதுமா இருக்கா. அவளும் வாயத் தொறக்கல. புகார்காரங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு கம்பெனில சொல்லி அனுப்பியிருக்காங்க. அந்தம்மா மாடிப்படியவே பாத்துட்டு இருக்காங்க. ஒவ்வொரு தரம் கீழ செருப்புச் சத்தம் கேக்கறப்பவும் கழுத்தை நீட்டறாங்க. "நந்தினி வரும்னு லெட்டர் போட்டிருந்தாங்க, இன்னும் ஆளைக் காணோம்"ங்கறாங்க. இந்தப் பக்கம் ஒரு நந்தினி, அந்தப் பக்கம் ஒரு நந்தினி, நடுவுல உக்காந்துட்டு நந்தினி எப்ப வருவான்னு பாத்துட்டு இருக்காங்க. சிரிப்பு வர வேண்டிய எடம். எனக்குக் கொட்டாவிதான் வருது. பயம் வந்தா எனக்குக் கொட்டாவி வரும், சின்ன வயசுலருந்தே.

நந்தினின்னு ஒரு ஆளே கிடையாது. அது பதினொண்ணாம் சீட்டோட பேரு. ஒன்பதாம் சீட்டு ரேவதி, பத்தாம் சீட்டு ஷாலினி, பதினொண்ணு நந்தினி. கம்ப்யூட்டர் திரைக்கு மேல பேரை ஒட்டியிருக்கும். யாரு வந்து உக்காந்தாலும் அந்தப் பேர்லதான் பேசணும். முந்தி ஒருக்கா ஒருத்தன் ஒரு பொண்ணோட சொந்தப் பேரைப் புடிச்சுட்டு, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து நின்னான். அதுக்கப்பறம்தான் இந்த ஏற்பாடு, அதுல தப்புச் சொல்ல ஒண்ணுமில்ல. நாலு வருஷம் நான் நந்தினியா இருந்தேன். எனக்கப்பறம் மூணு பேரு இருந்துட்டுப் போனாங்க. இப்ப ஒன்றரை வருஷமா எஸ்தர். நந்தினிக்கு வயசாகாது, கல்யாணம் ஆகாது, லீவு கிடையாது. ஆளு மாறினது அந்தப் பக்கம் தெரியக் கூடாதுன்னு நான்தான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். திரைல ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும். ஆம்பளைங்களும் சேந்து பேசிட்டிருந்த காலத்துல அதுல 'போனை எடுக்கல', 'திட்டறான்' இப்படித்தான் இருக்கும். ஆம்பளைங்க கத்தறாங்க, கெட்ட வார்த்தை பேசறாங்கன்னு புகார் மேல புகார் வந்து, இனி பொம்பளைங்கதான் பேசணும்னு மாத்தினாங்க. அப்ப டீம் லீடரா எனக்குப் பிரமோஷன். நான் வகுப்பு எடுத்தேன், அவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க, ஒரு வரி எழுதி வைங்க, அடுத்த தரம் அந்த ஒரு வரில இருந்து ஆரம்பிங்கன்னு. மாராத்தா, ஒண்டிப்புதூர், இட்லிக் கடை, கிரைண்டர் லோன், எடது மொழங்கால் வலி. அடுத்த வாரம் கூப்பிட்டதும் 'மொழங்கால் எப்படிங்கம்மா இருக்கு?' அவ்வளவுதான், அவங்க உருகிருவாங்க. 'கனிவான வசூல்'னு அந்த வகுப்புக்குப் பேரு. எனக்கு ஷீல்டு குடுத்தாங்க. புகாரும் கொறைஞ்சுது. பெருமையா இருந்துச்சு. இன்னிக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு, அதை எங்க கொண்டு போய் வெக்கறதுன்னு தெரியல. எஸ்தர் எங்கிட்டக் கத்துக்கிட்டவதான். ஆனா அவ ஒரு படி மேல போயிட்டா. நான் எழுதி வெச்சுக் கேட்டேன், அவ நெசமாவே கேட்டா. மாராத்தா பேருக்கு நேரா அவ எழுதி வெச்சிருந்தது எனக்கு மனப்பாடம். 'மகன் திருப்பூர்ல மாமனார் வீட்டோட இருக்கார். கடன் விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம்னு அழுதாங்க. அந்த நம்பருக்கு யாரும் கூப்பிடாதீங்க ப்ளீஸ்.' ரிமார்க்ஸ்ல ப்ளீஸ் போட்ட ஒரே ஆளு எஸ்தர்தான்.

மணி பன்னண்டு ஆகப் போகுது. அன்னிக்கு மணி ரெண்டே கால். போன மாசக் கடைசி வெள்ளிக்கிழமை. எஸ்தர் எங்கிட்ட வந்து, "அக்கா, ஸ்கூல்ல இருந்து போன். பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்குதாம். என்னக்கா பண்றது?" பண்றதுக்கு என்ன இருக்கு, போ, நான் சீட்டு பாத்துக்கறேன்னேன். சீட்டு பாக்கறதுன்னா அது எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம், எந்த ரூல்லயும் இருக்காது. கம்ப்யூட்டர்ல ஒருத்தி உள்ள நுழைஞ்சதுலருந்து ஏழரை மணி நேரம் விடாம ஓடணும். நடுவுல வெளிய வந்தா அந்த நாள் போச்சு, மாசத்துல மூணு நாள் போனா அந்த மாசத்து ஊக்கத்தொகையே போச்சு. கொழந்தைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆஸ்பத்திரி, தனக்கே தலை சுத்தல், பொம்பளைங்களுக்கு ஒண்ணா ரெண்டா. அதனால யாரும் வெளிய வர்றதில்ல. பக்கத்துல ஒருத்தி போய் உக்காந்துக்குவா, அவ பேர்லயே நேரம் ஓடும். தனபால் சாருக்கும் தெரியும், எங்க மேனேஜர், பாத்தாலும் மேல சீலிங்கைப் பாத்துட்டுப் போயிருவார். எங்களுக்குன்னு ஒரு யூனியன் இருக்குன்னா அது அந்த ஒண்ணுதான். அப்படித்தான் மூணு வருஷம் கழிச்சு நான் மறுபடி பதினொண்ணுல போய் உக்காந்தேன். எஸ்தர் தலைல இருந்த ஹெட்செட்டு சூடா இருந்துச்சு. எஸ்தர் பேர்ல நேரம் ஓடுது, நந்தினி பேர்ல நான் பேசறேன், திலகவதின்னு ஒருத்தி அந்த ஆபீஸ்லயே அப்ப இல்ல. அப்படி நெனைச்சா இப்பவும் கொஞ்சம் சௌகரியமா இருக்கு. மூணாவதோ நாலாவதோ போன்ல மாராத்தா வந்தாங்க. "நந்தினியா, என்ன கண்ணு கொரலு ஒரு மாதிரி இருக்கு, சளியா?" ஆமாங்கம்மா சளின்னேன். மொளகுப் பால் சொன்னாங்க. வர்ற வாரம் கட்டிர்றேன்னாங்க. சரிங்கம்மான்னு வெச்சேன். வெச்சுட்டு மேசை மேல இருந்த பதினொண்ணாம் சீட்டு செல்போனை எடுத்து, திரைல இருந்த திருப்பூர் நம்பரை அடிச்சேன்.

அங்கதான் திரும்பத் திரும்ப வந்து நிக்கறேன். செல்லை எடுத்தேன், அடிச்சேன். நடுவுல ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு மதியம் என்ன சாப்பிட்டேன்னு தெரியும், தயிர்சாதம், மாங்கா ஊறுகா. ஏசி தண்ணி சொட்டிட்டு இருந்தது தெரியும். எதுக்கு அடிச்சேன்னு மட்டும் தெரியல. மாசக் கடைசி, டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் எட்ட வேண்டியிருந்துச்சு, அது ஒண்ணு. ஆனா அந்தம்மா ஒருத்தங்க கட்டினா எட்டியிருக்கற டார்கெட்டு இல்லியே. தலைவலி, ஆமா, தலைவலிக்காக யாராச்சும் ஒருத்தரோட மகனைக் கூப்பிடுவாங்களா. மகன் வந்து அடைச்சுட்டா அந்தம்மாவுக்கும் விடிவுதானே, நல்லதுக்குத்தான் பண்ணினேன், இப்படி ஒண்ணும் இருக்கு, ஆனா அது நான் அப்பறம் தச்சு மாட்டிக்கிட்ட சட்டை, எனக்கே தெரியும். கடன் வாங்கினவங்களைத் தவிர மூணாவது ஆளுகிட்டப் பேசக் கூடாதுன்னு புது விதி வந்து பத்து நாளுதான் ஆகியிருந்துச்சு. அந்த வகுப்பையும் நான்தான் எடுத்தேன். மகன் போனை எடுத்தார். மரியாதையா, கனிவா, நந்தினி பேசறேன், அம்மா கஷ்டப்படறாங்க சார், உங்களுக்குத் தெரியணும்னுதான்னு சொன்னேன். பின்னால யாரோ சாப்பாடு பரிமாறற சத்தம் கேட்டுச்சு. சாயங்காலத்துக்குள்ள மொத்தக் கடனும் அடைஞ்சுது. டீம்ல எல்லாரும் கை தட்டினாங்க, ஊக்கத்தொகை எஸ்தர் பேர்ல ஏறுச்சு. பணம் மாமனார் கையில இருந்து வந்ததுன்னு புகாரைப் படிச்சப்பறம்தான் தெரிஞ்சுது. மறுநாள் காலைல அவரே ஒண்டிப்புதூர் வந்து, இட்லி வாங்க நின்னவங்க முன்னால, எங்க சம்பந்தியம்மா தெருவுல ஆவி புடிக்க வேண்டாம்னு சொல்லிக் கடைய மூட வெச்சாராம். கிரைண்டரைக் கார்ல ஏத்திட்டுப் போயிட்டாராம். மகன் அதுக்கப்பறம் ஒரு தரம்கூட வரல, போனையும் எடுக்கறதில்ல, பேத்தியக் கண்ணுல காட்டறதில்ல. இத்தனையும் யாரோ பக்கத்து வீட்டுப் பையன் எழுதிக் குடுத்த கையெழுத்துல ஒரு பக்கம். கடைசில, எனக்குக் காசு வேண்டாம், நந்தினியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம், அவள் ஏன் சொன்னாள் என்று தெரிந்தால் போதும். நான் அதைப் படிச்சுட்டு ஆபீஸ் பாத்ரூம்ல போய்க் குழாயைத் தொறந்து விட்டுட்டு நின்னேன்.

தீர்ப்புத் தாள்ல நாலு கட்டம் இருக்கு. எச்சரிக்கை, அபராதம், பணி நீக்கம், புகார் தள்ளுபடி. ஏன் சொன்னாங்கறதுக்குக் கட்டமே இல்ல. தாள் என் பையில இருக்குது, நேத்தே குழுக்காரங்களுக்கு அனுப்பிட்டாங்க, பேரு போட்டு, மூணாவது கட்டத்துல டிக் போட்டு. எஸ்தர், பணி நீக்கம், பொதுப் பட்டியல்ல சேர்க்கணும். பொதுப் பட்டியல்ங்கறது புதுசு. அதுல பேரு ஏறிட்டா இந்தத் தொழில்ல எந்தக் கம்பெனியும் எடுக்காது. விசாரிக்கறதுக்கு முன்னாலயே எதுக்கு சார் டைப் அடிச்சீங்கன்னு சங்க ஆபீஸ்ல கேட்டேன், முதல் கேஸு மேடம், கறாரா இருக்கோம்னு தெரியணுமில்ல, நாளைக்கு நேரம் மிச்சம்னாங்க. பெண் உறுப்பினர்னு போட்டு என் பேருக்கு மேல கையெழுத்துக்கு எடம் விட்டிருக்காங்க. எஸ்தருக்கு இது தெரியாது. அவளுக்குத் தனபால் சார் சொன்னது வேற. நேத்துச் சாயங்காலம் படிக்கட்டுல நின்னு எங்கிட்டச் சொன்னா, "நான்தான் கூப்பிட்டேன்னு ஒத்துக்கறேன்க்கா. எச்சரிக்கையோட விட்டுருவாங்களாம். நான் அன்னிக்கு சீட்ல இல்லைன்னு சொன்னா லாக்-இன் மோசடி ஆயிரும், அதுக்கு நேரா வீட்டுக்குத்தான். உங்க பேரும் வெளிய வரும். எதுக்குக்கா, ஒரு ஆளோட போகட்டும்." சொல்லிட்டு எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி தோளைத் தட்டினா. வீட்டுக்காரன் விட்டுட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு, பாப்பாவையும் வெச்சுட்டு போத்தனூர்ல ஒத்தை ரூம்ல இருக்கா, அவ என் தோளைத் தட்டறா. பையில இருந்த தாளை நான் எடுத்துக் காட்டியிருக்கலாம். கைய உள்ள விட்டேன். கைக்குட்டைய எடுத்து மூஞ்சியத் தொடைச்சுட்டேன்.

என்னை எதுக்குக் குழுவுல போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா. போன்ல பேசற பொம்பளைங்களுக்காக ஒரு பொம்பளை உள்ள இருக்கணும்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க. தனபால் சார் என்னைக் கூப்பிட்டு, "உங்களை மாதிரி அனுசரிச்சுப் போறவங்கதான் சரி மேடம்"னார். அனுசரிச்சுப் போறவங்க. மூணு பேருக்கும் மரப்பலகைல பேரு அடிச்சு வெச்சிருக்காங்க, திருமதி ஆர். திலகவதின்னு. வேலைல இருபது வருஷத்துல என் சொந்தப் பேரை ஒரு மேசை மேல வெச்சது அதுதான் முதல் தரம். போன வாரமே போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். இன்னிக்கு வாயத் தொறந்தா அந்தப் பலகை போகும். போகட்டும். பலகையோட நின்னா பரவாயில்ல. நாப்பத்தாறு வயசு, பட்டியல்ல பேரு ஏறினா வேற என்ன வேலை தெரியும் எனக்கு. வீட்டுக்காரர் லேத்துப் பட்டறைக்கு வாங்கின லோன் பாதில நிக்குது, பட்டறை மூடிக் கெடக்குது. மாசம் ரெண்டு தரம் வேற கம்பெனியில இருந்து ஒரு கீர்த்தனா எனக்கே கூப்பிடுவா. 'சாப்டீங்களா மேடம்'னு ஆரம்பிப்பா. அது பயிற்சிப் புஸ்தகத்துல எந்தப் பக்கத்துல எத்தனையாவது வரின்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் சாப்டேன்மா, நீ சாப்டியான்னு கேப்பேன். கேட்டா மனசுக்குக் கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு, அதுதான் கொடுமை. அப்ப மாராத்தாவுக்கும் நல்லா இருந்திருக்கும். கத்தினவன்கிட்ட நம்மளும் கத்திட்டுப் போனை வெச்சிரலாம். சாப்டியான்னு கேட்டவகிட்ட என்னத்தை மறைக்கறது. எனக்கு இப்ப எதையும் யோசிக்க முடியல. ஒருவேளை தலைவர் வராமயே போயிட்டா. கார் சிக்னல்லயே நின்னுட்டா. ஒத்தி வெச்சுட்டா வீட்டுக்குப் போயி ஒரு ரசம் மட்டும் வெச்சுட்டுப் படுத்துக்கலாம். கீழ கார்க் கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. மாராத்தா கழுத்தை நீட்டினாங்க. நந்தினி இல்ல, வைத்தியலிங்கம் சார், கையில சாவி.

உள்ள மேசைக்கு அந்தப் பக்கம் மூணு நாற்காலி. நடுவுல தலைவர் வைத்தியலிங்கம் சார், பேங்குல பெரிய உத்தியோகத்துல இருந்து ரிடையர் ஆனவர், நல்ல மனுசன், கெட்டவர்னு சொல்ல முடியாது. எடது பக்கம் ஒரு வக்கீல், அவர் போனைப் பாத்துட்டே இருக்கார். வலது பக்கம் பலகைக்குப் பின்னால நான். அந்தப் பக்கம் போய் உக்காந்ததும் மாராத்தா என்னைப் பாத்தாங்க. பெஞ்சுல கூட இருந்த ஆளு எப்படி அங்க போனாள்ங்கற மாதிரி ஒரு பார்வை, அப்பறம் மரியாதையாக் கும்புட்டாங்க. நானும் கும்புட்டேன். வைத்தியலிங்கம் சார் புகாரைப் படிச்சார். "நந்தினிங்கற பேர்ல பேசினது இவங்கதான், பேரு எஸ்தர். கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு. என்னம்மா எஸ்தர், ஒத்துக்கறீங்களா?" எஸ்தர் எந்திரிச்சா. "ஆமாங்க சார். நான்தான் பேசினேன். தப்புதான். மன்னிச்சிருங்கம்மா." அவ வாயத் தொறந்த முதல் வார்த்தைலயே மாராத்தா திரும்பிட்டாங்க. மூஞ்சி முழுக்க வெளிச்சம். "நந்தினி. ஏ கண்ணு, நீதானா. இத்தனை நேரம் பக்கத்துலயே உக்காந்துட்டு ஒரு வார்த்தை பேசாம இருந்தியே." எஸ்தர் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நான் பலகையோட ஓரத்தைப் புடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் அந்தம்மாவுக்கு என்னமோ ஓடியிருக்கு. எஸ்தரைப் பாத்தாங்க, தலைவரைப் பாத்தாங்க. "சாமி, இவ இல்லீங்க. இவளோட நான் ஒன்றரை வருஷமாப் பேசறனுங்க, இந்தக் கொரலு எனக்குத் தெரியாதா. அன்னிக்குப் பேசினது வேற ஆளு. சளின்னு சொன்னா, நானும் நம்பிட்டேன். இவ அன்னிக்கு அங்க இல்லவே இல்லீங்க." கும்பிட்டுச் சொன்னாங்க, காப்பாத்திட்டோம்ங்கற சந்தோசத்துல. வக்கீல் முதல் தரமாப் போன்ல இருந்து தலையத் தூக்கினார். வைத்தியலிங்கம் சார் குரல் மாறுச்சு. "அங்க இல்லையா? அப்ப ஏழரை மணி நேரம் லாக்-இன் எப்படி ஓடுச்சு? என்னம்மா எஸ்தர், அன்னிக்கு நீங்க சீட்ல இருந்தீங்களா இல்லையா?" எஸ்தர் இருந்தேன்னா. மாராத்தா இல்லீங்கன்னாங்க. இருந்தேன்ங்க சார். பொய் சொல்றா சாமி, பயந்துட்டு சொல்றா. எஸ்தர் அழுகற நெலைல என்னைப் பாக்காம இருக்கறதுக்குப் படற பாடு, அதை நான் மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன். "பெண் உறுப்பினர் ஏதாச்சும் கேக்கணுமா மேடம்? இல்லைன்னா கையெழுத்துப் போட்டு முடிச்சிரலாம். இதுவும் சேர்ந்தா மூணாவது கட்டம்தான், மாத்த வேண்டியதில்ல." தாளை என் முன்னால தள்ளினார். பேனாவும் குடுத்தார்.

முதுகு வலி இருந்துச்சு. கேள்வி எதும் இல்லைன்னு தலைய ஆட்டினாப் போதும், காலைல இருந்து ஆட்டிட்டுத்தானே இருக்கேன். பேனாவை மூடி வெச்சேன். "எஸ்தர் அன்னிக்கு அங்க இல்ல சார். கொழந்தைக்குக் காய்ச்சல், நான்தான் போகச் சொன்னேன். டீம் லீடர் சொன்னதைக் கேட்டா, அவ்வளவுதான். வெளிய வர வேண்டாம், ஓடட்டும்னு சொன்னதும் நான்தான். சீட்ல உக்காந்தது நான். மகனைக் கூப்பிட்டது நான். ஆர்டர்ல பேரை மாத்துங்க." ஒரே மூச்சுல வந்துச்சு, என் சொந்தக் குரல்ல. எஸ்தர் "அக்கா"ன்னா. வக்கீல், மேடம் நீங்க குழு உறுப்பினர், நீங்களே பார்ட்டியா இருக்க முடியாதுன்னு என்னமோ சொன்னார். வைத்தியலிங்கம் சார் கண்ணாடியக் கழட்டிட்டு, யோசிச்சுத்தான் சொல்றீங்களா மேடம்னு கேட்டார். மாராத்தா எஸ்தர் கைய விட்டுட்டு, மொழங்காலைப் புடிச்சு எந்திரிச்சு, மேசைகிட்ட வந்து, பலகைல என்ன எழுதியிருக்குன்னு பாக்கற மாதிரி பாத்துட்டு, என் மூஞ்சியப் பாத்தாங்க. "நீதானா அம்மிணி. ஏம்மா சொன்னே?" திட்டல. மொளகுப் பால் சொன்ன அதே குரல். மாசக் கடைசிங்கம்மான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உங்க நல்லதுக்குத்தான்ங்கறது அதுக்குப் பின்னாடியே வந்துச்சு. ரெண்டையும் முழுங்கினேன். முழுங்கினதுக்கு அடில அது இருந்துச்சு, இத்தனை நாளும் அங்கயேதான் இருந்திருக்கு. "மகனுக்குச் சொல்ல வேண்டாம்னு நீங்க அழுதிருந்தீங்க. அதை எஸ்தர் எழுதி வெச்சிருந்தா. அதைப் படிச்சேன். எதைச் சொல்ல வேண்டாம்னு ஒருத்தங்க அழறாங்களோ, அங்க தொட்டாப் பணம் வரும்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான்." "அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்கே."

"ஆமாங்க"ன்னேன். "தெரிஞ்சேதான்."